தலையில்லாத கோழி

சீனச் சாப்பாடு ஒன்றை நம் அடுப்பில் நாமே சமைத்துப் பார்த்தால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது, எதிர்வீட்டு மாமாவின் சேவல் காணாமல் போன மறுநாள் சாயங்காலம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் அந்த வாரம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. சம்பந்தம் இருக்கிறது என்றே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

மாமா எங்களுக்கு உறவு இல்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர், மனைவியை இழந்தவர், சர்ச் கமிட்டியில் அப்பாவுக்கு மூத்தவர். பச்சைக் கொடி காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்துப் பழகிய கை அவருக்கு. எங்கள் கேட்டை மூடிய பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றைக்குக் கேட்டை இழுத்துப் பார்த்தார், எங்கள் குரோட்டன்ஸ் செடிகளுக்குள் குனிந்து பார்த்தார், பிறகு வராந்தாவில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வீட்டின் பின்பக்கமாகக் கண்ணைக் காட்டினார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதே. உன் பின்வீட்டுக்காரங்க என்னா சாப்புடுறாங்கன்னு நீ கண்ணால பாத்திருக்கியா?"

"நான் ஏன் அண்ணே பாக்கப் போறேன்? அவங்க கதவைச் சாத்திக்கிறாங்க."

"அதான் கேக்குறேன். திங்கிறதுக்கு எதுக்குக் கதவைச் சாத்தணும்? நீயும் நானும் சாத்துறமா?"

எங்கள் பின்கட்டில் இரண்டு அறைகள் உண்டு. அதில் ஒரு சீனத் தம்பதி இந்த வருடம்தான் குடிவந்தார்கள். அவர் பல் கட்டுகிறவர். கமர்ஷியல் தெருப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார், எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். ரங்கூனில் நன்றாக வாழ்ந்தவர்களாம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் கப்பலேறி மெட்ராஸ் வந்து, அங்கேயும் ஊர் காலியாகிக்கொண்டிருந்ததால் பெங்களூர் வந்து சேர்ந்தவர்கள். அப்பாவின் கீழ்ப்பல் வரிசையைக் கட்டிக் கொடுத்தவரே அந்த டாக்டர்தான். கவலை வந்தால் அந்தப் பல் செட்டை நாக்கால் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுவது அப்பாவின் வழக்கம். இப்போது தள்ளிக்கொண்டிருந்தார்.

"பாம்பு, தவளை எதையும் விடமாட்டாங்களாம் அண்ணே," என்று காபியோடு வந்த அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"தவளையத் தின்னுட்டுப் போகட்டும்மா, யார் வேணாங்கிறா? என் சேவல் எங்க? அதுவும் இருக்கட்டும். குழாயடியில என்னமோ செடி போட்டிருக்காங்களே, மஞ்சளாப் பூத்து நிக்குது. அபின் செடின்னு பால்காரன் சொல்றான். கல்கத்தாவுலேர்ந்து பார்சல் வருது, பாட்டில் பாட்டிலா. மேல இருக்கிற எழுத்து சீனா எழுத்தா ஜப்பான் எழுத்தான்னு யாரு கண்டா? தம்பி, நீ மிலிட்டரி அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவன். நாளைக்கு உன் துரை கூப்பிட்டு, உன் வீட்ல யாரய்யா இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

அந்தக் கடைசிக் கேள்வி அப்பாவுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். அவருடைய ஆபீஸில் இப்போது சுவருக்குச் சுவர் ஒற்றர் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். பியூனோடு பேசுவதற்குக்கூட யோசிக்கிறார்கள்.

"மாசம் முடியட்டும் அண்ணே. வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன்."

அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் இரண்டு பேருடைய வீடு போய்விட்டது. எனக்கு அதுவரை அந்த சீன ஆன்ட்டியோடு பெரிய பழக்கம் இல்லை. ஆனாலும், ஒருமுறை கப்பலேறித் தப்பி வந்தவர்களை ஒரு சேவலுக்காக மறுபடியும் மூட்டை கட்டச் சொல்வதா? யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதானே பிராது? பார்த்ததில்லை என்றால் காட்டிவிட்டால் போயிற்று. நான் இன்டர்மீடியட்டில் சயின்ஸ் குரூப் எடுத்து முடித்துவிட்டு டிரெயினிங் காலேஜ் பதிலுக்காக வீட்டில் காத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் சந்தேகம் என்றால் சோதனை செய்து பார் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க சாப்பாட்ட நான் சமைக்கிறேன். நம்ம சட்டியில, நம்ம அடுப்புல. எல்லாரும் உக்காந்து சாப்பிடலாம். மாமாவும் வரட்டும்."

"போன மழையில சோப்புக் காய்ச்சறேன்னு என் பித்தளைக் குண்டானப் பொசுக்கினியே, அது பத்தாதாடி?" என்றாள் அம்மா.

அப்பா ஆச்சரியமாக, உடனே சரி என்றார். "அவங்களையும் கூப்பிடு. சாப்பாடு ஆனப்புறம் நானே பக்குவமாச் சொல்லிடறேன். வாசல்ல நிக்க வச்சுச் சொல்றதுக்கு இது தேவலை."

நான் நினைத்தது ஒன்று, அவர் நினைத்தது ஒன்று. ஆனால் அனுமதி கிடைத்தது.

"நானும் வரேன் அம்மாடி," என்றார் மாமா எழுந்துகொண்டே. "ஆனா தட்டுல என்னா இருக்குதுன்னு தெரியாம ஒரு வாய் வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்." போகும்போதும் கேட்டை இழுத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை மத்தியானம், டாக்டர் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பின்வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு தகர மூடியை அவசரமாக அழுத்தி மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் கதவு திறந்தது, அதுவும் பாதி. ஆன்ட்டி குள்ளமானவர், தலையை எண்ணெய் போட்டு வழித்து வாரியிருப்பார். ரங்கூனில் பக்கத்து வீட்டுத் தமிழர்களிடம் கேட்டுப் பழகிய தமிழ் அவருடையது. அதோடு எங்கள் கன்டோன்மென்ட் தெருக்களின் தக்கினி உருதுவும் வந்த கொஞ்ச மாதத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி, நீங்க பண்ற மாவுச் சாப்பாடு இருக்குதில்ல, நூல் மாதிரி நீளமா? அத எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலாக எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தார்.

"யார் கேக்கச் சொல்லிச்சு?"

"யாரும் சொல்லல. நான்தான்."

"ஓனர் கேக்கச் சொல்லிச்சா?"

"இல்ல ஆன்ட்டி, நெஜமா."

"அப்போ கைகூ?"

ஏன் என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொல்லியிருக்க முடியாது. "சும்மா, ஆசைதான்," என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வீட்டுக்காரர் மகளை வாசலிலேயே நிறுத்தவும் முடியாதே, உள்ளே விட்டார்.

"மாவு, தண்ணி, உப்பு. பஸ்," என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இத்தனை சுருக்கமாகவா ஒரு சமையல் இருக்கும்? எங்கள் வீட்டில் ரசத்துக்கே அம்மா அரைநாள் பேசுவாள். எதையோ மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. கறுப்புச் சாறு கொஞ்சம் கொடுக்கிறேன் என்று அவர் உள்ளறைக்குப் போனதும், அலமாரியில் இருந்த தகர டப்பாவை நான் திறந்துவிட்டேன். மூடி சரியாக உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் என் சமாதானம்.

உள்ளே காதுகள் இருந்தன. கறுப்பாக, காய்ந்து, ஓரம் சுருண்டு. பூனைக் காது அளவுக்குச் சில, அதைவிடச் சின்னதாகச் சில. மாமா சொன்னதெல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்தது. எங்கள் தெருவில் கொஞ்ச நாளாகப் பூனைகள் குறைந்துவிட்டனவா என்றுகூட எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

"அது மரத்தில வளருது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஆன்ட்டி ஒரு கிண்ணத்தோடு நின்றிருந்தார். "மழை வந்துச்சுன்னா மரத்தில காது வருது. அத காய வைக்கும்."

"காளானா ஆன்ட்டி?"

"ம்." டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "போலீஸ்காரன் மாதிரி பாக்குது நீ."

நான் சயின்ஸ் படித்தவள், மரத்தில் காளான் முளைக்கும் என்று தெரியும். ஆகவே நம்பினேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையை மட்டும் கழுவிக்கொண்டேன்.

கிண்ணத்தில் அவர் கொடுத்த கறுப்புச் சாற்றை அம்மா எட்டி நின்று பார்த்தாள். சாயங்காலம் அப்பா முகர்ந்து பார்த்தார். அவர் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர்; புளித்த வாடை எது வந்தாலும் அவருக்குச் சாராயம்தான். "சோயாவாம்ப்பா. மொச்சை மாதிரி ஒரு பயறு, அத உப்புல ஊற வச்சு எடுக்கறது," என்றேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புதான்," என்று கடைசியில் ஒத்துக்கொண்டாலும் கிண்ணத்தைத் தன் பீரோவுக்குப் பக்கத்தில், கண் படும் இடத்தில் வைக்கச் சொன்னார்.

நடுவாரத்தில் ஒத்திகை பார்த்தேன். மாவு, தண்ணீர், உப்பு என்று ஆன்ட்டி சொன்னபடியே கோதுமை மாவைப் பிசைந்தேன். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தள்ளிவிடுகிற காலம் இது. எங்கள் வீட்டில் மாவுக்கு மட்டும் பஞ்சமில்லை. நீளமாக நூல் வர வேண்டும், அவ்வளவுதானே? நூல் பிழிய நம்மிடம் இல்லாத கருவியா? அம்மாவின் இடியாப்ப அச்சை எடுத்தேன். தேக்கில் கடைந்தது, அம்மா கல்யாணத்தில் வந்தது. கோதுமை மாவை உருட்டி உள்ளே போட்டு அழுத்தினேன். அரிசி மாவு போல அது வழிவிடவில்லை. ரப்பர் மாதிரி பின்னுக்குத் தள்ளியது. நானும் விடவில்லை, எழுந்து நின்று உடம்பு பாரம் முழுக்க வைத்து அழுத்தினேன். 'டப்' என்றது. அச்சின் ஒரு கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த அம்மா கைப்பிடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பின்வீட்டுக்காரங்க சேவல்தான் எடுத்தாங்க. நீ என் வீட்டையே எடுத்துடுவே போலிருக்குதே!"

எனக்கு ஆன்ட்டி மேல்தான் கோபம் வந்தது. வேண்டுமென்றே ஒரு சாமானைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். உடைந்த கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டே பின்வீட்டுக்கு நடந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நான் எப்படிப் பிழிந்தேன் என்று கேட்டார். நடித்துக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பேபி, மாவு தூங்கணும். நீ தூங்க விடல்ல. அதான் சண்டை போடுது."

"நீங்க அத சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கல்ல. நீ டப்பா பாத்துச்சு."

அவர் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினார். அது தூங்குகிற நேரம் முழுக்க நான் துணியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாவை அகலமாகத் தேய்த்து, உலர்ந்த மாவு தூவி, புடவையை மடிக்கிற மாதிரி மடித்து, கசாப்புக் கடைக் கத்தி போல அகலமான ஒரு கத்தியால் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வந்தார். உதறியதும் சீவல்கள் நீளநீளமாக அவிழ்ந்தன. மந்திரம் ஒன்றும் இல்லை. மாவு, தண்ணீர், உப்பு, பொறுமை. கடைசிச் சாமான்தான் என்னிடம் எப்போதும் இருப்பு இருப்பதில்லை.

சீவிக்கொண்டே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை எதுக்கு விருந்து?"

"சும்மாதான் ஆன்ட்டி."

கத்தி நின்றது. "சும்மா யாரும் விருந்து வைக்கறது இல்ல."

நான் மாவைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"கோழி போடுமா?"

"போடுவேன்."

"முழுக் கோழியா?"

"முழுக் கோழிதான்."

அவர் தலையாட்டினார். கத்தி மறுபடியும் ஓட ஆரம்பித்தது, ஆனால் முன்னைவிட மெதுவாக. வரும்போது குழாயடிச் செடியில் இளசாக ஒரு கட்டு பறித்துக் கொடுத்தார். தடித்த வெள்ளைத் தண்டு, கரும்பச்சை இலை. பூத்து நின்ற ஒரு செடியிலிருந்து மஞ்சள் பூ ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கடுகுக் கீரையின் காரம். அபின் இப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றால் சனிக்கிழமை சாயங்காலமே கோழி வந்துவிடும். கால் கட்டிய கோழி வாசல் குழாயடியில் கிடந்து கத்தும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, கனம் தூக்கிப் பார்த்து, யார் வருகிறார்கள் என்று விசாரிப்பார்கள். காலையில் அம்மா அதை அங்கேயே அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்குவாள். தலையும் காலும் நாய்க்குப் போகும். கோழி எப்படிச் சட்டிக்குள் வந்தது என்பதற்குத் தெருவே சாட்சி.

எனக்கு இது காட்டுமிராண்டித்தனமாகவும் நேரம் தின்கிற வேலையாகவும் பட்டது. ஆகவே ஞாயிறு விடிந்ததும் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பறந்தேன். நல்ல பெட்டைக் கோழியாகப் பார்த்து வாங்கி, அங்கேயே அறுக்கச் சொல்லி, தலை, கால், இறகு எல்லாவற்றையும் அங்கேயே தள்ளிவிட்டு, சுத்தமான கறியை மட்டும் மூடிய கூடையில் போட்டுக்கொண்டு வந்தேன். சர்ச் மணி அடிப்பதற்குள் வீடு வந்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சமையல் மோசமில்லை. மாவை நன்றாகத் தூங்க வைத்தேன். சர்ச்சில் பிரசங்கம் முடிகிற வரைக்கும் அது தூங்கியது. என் சீவல்கள் சில நூலாகவும் சில நாடாவாகவும் வந்தன. வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் அலசி எண்ணெய் புரட்டி வைத்தேன். இருப்புச் சட்டியைப் புகையக் காயவிட்டு இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், பொடியாக நறுக்கிய கோழி, மேலே கறுப்புச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை. கீரையைச் சட்டியில் போட்டு வாடியதும் எடுத்துவிட்டேன். "வேகவே இல்லியேடி," என்று அம்மா பின்னாலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் காளானை மட்டும் நான் கேட்கவும் இல்லை, போடவும் இல்லை.

மத்தியானம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். டாக்டர் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார். ஆன்ட்டி நாற்காலியின் விளிம்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்து போகத் தயாரானவர் போல இருந்தார். அப்பா ஜெபம் செய்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது மாமாவின் கண்ணும் திறந்திருந்தது. ஆன்ட்டியின் கண்ணும்தான். இருவரும் என் கோழித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமென் சொன்ன கையோடு மாமா கரண்டியை எடுத்துக் கறியைக் கிளறினார். அடிவரைக்கும் போய்த் தேடினார்.

"அம்மாடி, தலை எங்க?"

"தலை எதுக்கு மாமா? மார்க்கெட்லயே தள்ளிட்டேன்."

"காலு?"

"அதையும்தான்."

"இறகு?"

"இறகைப் போட்டா சமைப்பாங்க?"

மாமா மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"கோழியா வந்தத யாரு பாத்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பொய் சொல்ல மாட்டாள், அதுவும் சர்ச்சிலிருந்து வந்த சூட்டில். "நான் கறியாத்தான் பாத்தேன் அண்ணே," என்றாள்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "பாரு தம்பி, நான் யாரையும் சொல்லல. ஆனா கணக்கு இடிக்குது. இது கோழி இல்லேன்னா, என்னது? கோழிதான்னா, எந்தக் கோழி? என் சேவல் காணாமப் போயி இப்பதான் ஒரு வாரம் ஆவுது. உன் வீட்டுக் குழாயடியில நேத்து எந்தக் கோழியும் கத்தல. நான் காது குடுத்துட்டுத்தான் இருந்தேன்."

"அண்ணே! என் பொண்ணச் சொல்றீங்களா?"

"நான் யாரையும் சொல்லலன்னு சொன்னேனே. வாசனை நல்லாத்தான் இருக்குது. அதுதான் சந்தேகமா இருக்குது."

அப்போதுதான் ஆன்ட்டி எட்டி, அந்தக் கரண்டியை எடுத்தார். அவரும் கிளறினார், மாமாவைவிடக் கவனமாக. "தலை இல்லையா?" என்று என்னைக் கேட்டார். "நெஜமா தலை இல்லையா?"

"இல்ல ஆன்ட்டி," என்றேன்.

அவர் டாக்டரிடம் அவர்கள் பாஷையில் என்னவோ வேகமாகச் சொன்னார். டாக்டர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு மூச்சு விட்டார். பிறகு இருவரும் சிரித்தார்கள். எங்கள் மேஜையில் அந்த நேரம் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று நாங்கள் விழித்தோம்.

"எங்க ஊர்ல," என்று ஆன்ட்டி கரண்டியால் காட்டிக்காட்டிச் சொன்னார், "வருஷம் முடிஞ்சா முதலாளி விருந்து வைக்குது. முழுக் கோழி வரும், தலையோட. தலை யாரப் பாக்குதோ அவன் வேலை போச்சு. முதலாளி வாயத் தொறந்து சொல்லாது. கோழி சொல்லும். என் அப்பா ஒரு வருஷம் வீட்டுக்கு வந்துச்சு, சாப்பிடல, பேசல. கோழி பாத்துச்சு, அவ்ளோதான் சொல்லிச்சு." அப்பாவைப் பார்த்தார். "நான் நெனைச்சுச்சு, ஓனர் சும்மா விருந்து வைக்கறது இல்ல. இன்னிக்குக் கோழி எங்களப் பாக்கும்னு நெனைச்சுச்சு. தலையே இல்ல! அச்சா, ரொம்ப அச்சா."

கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தட்டு நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்பாவின் கீழ்ப்பல் முன்னுக்கு வந்தது, பின்னுக்குப் போனது. சாப்பாட்டுக்கு அப்புறம் பக்குவமாகச் சொல்வதற்கென்று அவர் வைத்திருந்த வார்த்தைகள் அந்தப் பல்லுக்குப் பின்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டன. கொஞ்சம் கறியை எடுத்து, டாக்டர் கட்டிக் கொடுத்த பல்லால், டாக்டரைப் பார்க்காமல், மெல்ல மெல்ல மென்றார். அம்மா கீரையைத் தொட்டுப் பார்த்தாள். "பச்சையாத்தான் இருக்குது. கசக்கல," என்றாள். அவள் அகராதியில் அது பாராட்டு. மாமா மட்டும் காலித் தட்டுக்கு முன்னால் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்கூடத் தானே போய்க் குழாயில் பிடித்துக் குடித்தார்.

விருந்தாளிகள் போன பிறகு வராந்தாவில் நாங்கள் மிஞ்சினோம். மாமாவும் போய்விட்டார், கேட்டை இழுத்துப் பார்க்காமலே. அதுதான் அப்பாவை ரொம்பத் தைத்தது.

"சொன்னீங்களா அவங்ககிட்ட?" என்றாள் அம்மா.

"எப்படிச் சொல்றது? சொல்லு. இப்ப அவங்களக் காலி பண்ணச் சொன்னா தெரு என்ன பேசும்? இவங்களே சேவலத் தின்னுட்டு, பழிய அவங்க தலையில போட்டு அனுப்பிட்டாங்கன்னு பேசும். கமிட்டியில நான் எந்த மூஞ்சியோட உக்காருவேன்?"

அப்பா சொன்னதை நான் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். காலையில் பின்கட்டில் இருந்த சந்தேகம் இப்போது எங்கள் முன்வாசலுக்குக் குடிவந்திருந்தது. வீட்டுக்காரரும் குடியிருப்பவர்களும் ஒரே சேவலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். அவர்கள் இங்கே இருக்கிற வரைக்கும்தான் எங்கள் பேரும் நிற்கும். என் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் மாதக் கடைசி என்ற பேச்சை அப்பா அதற்கப்புறம் எடுக்கவில்லை.

சாயங்காலம் நானே தெருவைக் கடந்து மாமா வீட்டுக்குப் போனேன். அவர் கோழிக்கூண்டின் தாழ்ப்பாளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எதப் பாத்தா நம்புவீங்க?"

திரும்பாமலே சொன்னார்: "என் கோழி, என் கத்தி, என் அடுப்பு. என் கண்ணு முன்னால. மாவுலேர்ந்து எல்லாம். அந்தம்மாவே வந்து பண்ணட்டும். அப்பப் பாக்கலாம்."

"அவங்க பண்ணா சாப்பிடுவீங்களா?"

"பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"அப்ப அவங்க போகணும்னு அப்பாகிட்ட இனிமே சொல்லமாட்டீங்களே?"

"அம்மாடி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்." தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "அதுவரைக்கும் சொல்லல."

சேவல் இன்றுவரை அகப்படவில்லை. கீரிப்பிள்ளையாக இருக்கலாம் என்று பால்காரன் இப்போது சொல்கிறான். அபின் செடி என்று சொன்னவனும் அவன்தான். ஆன்ட்டி வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், யோசித்து, யோசித்து. "அந்த வீட்டிலயும் விருந்தா? கைகூ?" என்று கேட்டார். இந்தத் தடவை நான் உண்மையைச் சொன்னேன். சேவல், பூ, பாட்டில் எழுத்து, மாதக் கடைசி எல்லாவற்றையும். அவர் ஈரத்துணி போட்ட மாவை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த அகலக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். மாமாவின் கத்தி மொக்கையாக இருக்கும், இதையும் எடுத்து வா என்றார்.

ஆகவே வருகிற சனிக்கிழமை சாயங்காலம் மாமா வாசல் குழாயடியில் அவருடைய பெட்டைக் கோழி ஒன்று கால் கட்டிக் கிடந்து கத்தும். தெரு முழுக்கக் கனம் பார்க்கட்டும். மாவை அவர் கண் முன்னாலேயே தூங்க வைப்போம். சீவல்களை இந்த முறை நாடா இல்லாமல் நூலாகவே சீவிவிடுவதாக இருக்கிறேன். காளானையும் கொண்டுபோய் அவர் முன்னால் தண்ணீரில் ஊறப் போட்டு, அது விரிவதை முதலில் நானே பார்த்துவிட வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல்தான். மாமா நம்ப வேண்டுமென்றால் தட்டில் தலை இருந்தாக வேண்டும். தலை இருந்தால் அது யாரையாவது பார்த்தாக வேண்டும். டாக்டரையும் ஆன்ட்டியையும் பார்க்கக் கூடாது, அப்பாவைப் பார்த்தால் அம்மா பயந்துவிடுவாள், மாமாவைப் பார்த்தால் நாய்க்குப் போடுகிற தலையை என் பக்கம் திருப்புகிறாயா என்பார். தட்டை நான்தான் மேஜையில் வைக்கப் போகிறேன். கொக்கு போல நிமிர்த்தி, ஒரு ஈர்க்குச்சியால் தாங்கல் கொடுத்து, அது நேராக என்னைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொள்வேன். போக்கடிக்க எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.